கோமதி பெயரில் படிக்கிறேன்

சங்கரன்கோவிலில் இருக்கும் மாமாவுக்கு முத்துத்தாய் வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் சின்னவனும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் சுகம்தான்.

இங்கே திருப்பூரில் நான் கூட்டிப் பெருக்கும் பள்ளிக்கூடத்து டீச்சர், வகுப்புக்காகத் தேடிப் பிடித்த இலவசமாக இங்கிலீஷ் சொல்லித்தரும் வெப்சைட்டை என் போனிலும் போட்டுத் தந்தார். முதலில் பெயர் கேட்டது. நம் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருந்துச் சீட்டுக்குச் சீட்டு அவள் பெயரைப் பார்த்ததில், இங்கிலீஷில் எனக்கு எழுத வருவது அவள் பெயர் மட்டும்தான். அதையே அடித்தேன். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னால், "வெரிகுட் கோமதி" என்கிறது.

"உங்க பேரை மாத்திருவோமாக்கா?" என்றார் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். அவ சாகும்போது பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் மூணாம் பாடம். இப்பம் அஞ்சாம் பாடத்துக்கு வந்துட்டா."

அவளுடைய நாலுகோடு நோட்டில் பாதி எழுதாமல் இருக்கும். எடைக்குப் போட்டுவிடாமல் அனுப்புங்கள். மீதியை எழுதி முடிக்கணும். பெல் அடித்துவிட்டது.

முத்துத்தாய்