இடது தொடை

பிப்ரவரி 4

காலையில் மைதானம் உறைந்து கிடந்தது. கோச் இரண்டு முறை என் பெயரைக் கூப்பிட்டார், இரண்டும் திட்டுவதற்கு. திட்டினால் ஞாயிற்றுக்கிழமை ஆட வைப்பார் என்று பொருள். இந்த மலையூர்க் கால்பந்துக் கிளப் லீக்கில் கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் இருக்கிறது. சறுக்கினால் கீழ் டிவிஷன். நடுக்களத்தில் ஒரு ஆட்டம் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இருந்தும் நான் இவர்கள் ஆள் இல்லை. லிஸ்பனில் இருக்கும் பெரிய கிளப்பின் ஆள். பதினாறு வயதில் கையெழுத்து, இப்போது இருபத்து நான்கு. அவர்கள் சட்டையில் நான் ஆடிய மொத்த நேரம் பதினோரு நிமிடம். மற்றபடி வருடத்துக்கு ஒரு ஊருக்கு இரவல். இது நாலாவது ஊர். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருடம். சைக்கிளைக்கூட யாரும் இப்படி இரவல் கொடுக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 18

கிளப் இயக்குநர் வால்தெமார் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். காபியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மார்ச் ஒன்றாம் தேதி லிஸ்பன்காரர்கள் இங்கே ஆட வருகிறார்கள்.

"அந்த வாரம் உனக்குத் தசை பிடிச்சிக்கும், டெல்மு."

"பிடிக்கலைன்னா?"

"பிடிக்கும்ப்பா. போன வருஷமும் பிடிச்சுதே, அந்த ஊர்ல?"

இரவல் ஆட்டக்காரன் தன் சொந்தக் கிளப்பை எதிர்த்து ஆடக் கூடாது என்று காகிதத்தில் எழுதினால் இப்போது லீக் விதிப்படி தப்பு. அதனால் யாரும் எழுதுவதில்லை. லிஸ்பனிலிருந்து ஒரு போன் வருகிறது, என் தொடை வலிக்கிறது.

"ஆடினா என்ன பண்ணுவாங்க சார்?"

"ஜூன்ல அங்கதானே திரும்பிப் போவ? பின்னாடி மைதானத்துல தனியா ஓடிட்டு இருப்ப. நாங்களும் இனிமே அவங்ககிட்ட ஆள் கேக்க முடியாது. காபியைக் குடி, ஆறிடும்."

குடித்தேன். ஏன் குடித்தேன்?

பிப்ரவரி 25

இந்தக் கிளப்பின் டாக்டர் அபீலியு படிவத்தை எடுத்து, தலை நிமிராமல் கேட்டார்: "எந்தக் கால்?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் பழைய கோப்பைப் புரட்டினார்.

"முன்னாடி ரெண்டு தடவையும் இடது தொடை, தசைக் கிழிசல். இதையும் இடதே போட்டுடறேன். நம்பற மாதிரி இருக்கும்."

நல்ல மனுஷன். டிசம்பரில் என் கணுக்கால் நிஜமாகவே வீங்கியபோது, தன் காரில் ஏற்றி நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போனவர். அதே கைதான் எழுதியது.

மார்ச் 1

0–2.

மேலே உட்கார்ந்து பார்த்தேன். நான் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு கோலும் அந்த வழியாகத்தான் நடந்து வந்தன.

இடைவேளையில் நொண்டிக்கொண்டு படியிறங்கினேன். காபிக்கடை ஒதெத் அக்கா பின்னாலிருந்து கத்தினாள்: "ஏய் டெல்மு! பேப்பர்ல இடது கால்னு போட்டிருக்கான், நீ வலதை இழுக்கிறியே!"

மொத்த வரிசையும் சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்காமல், "நம்மள வித்துட்டானுங்கய்யா," என்றார்.

நான் கால் மாற்றி நொண்டினேன். மாற்றினேனே! அத்தனை பேர் பார்க்க!

மார்ச் 2

கேப்டன் நேலியு என் பூட்ஸைக் காலால் ஒதுக்கித் தள்ளினான். "உனக்கு அடுத்த வருஷம் வேற ஊரு. எனக்கு இதான்டா ஊரு."

ஏப்ரல் 20

ஏஜென்ட் செக்கெய்ரா போன் செய்தான். போலந்துக் கிளப் ஒன்று என்னை விலைக்கே கேட்கிறதாம். இரவல் இல்லை, விலைக்கு! லிஸ்பனும் தலையாட்டிவிட்டதாம். உடம்புப் பரிசோதனை மட்டும் பாக்கி.

அம்மாவிடம் சொன்னேன். லிஸ்பனில் வங்கிக் கட்டடத்தில் தரை துடைத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். "அங்க குளிருமேடா," என்றாள். கொஞ்சம் கழித்து, "போயிடு," என்றாள்.

மே 17

கீழ் டிவிஷனுக்குப் போய்விட்டோம். ஒரே ஒரு புள்ளியில். நேலியு தரையில் உட்கார்ந்து அழுதான். பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

மே 28, போலந்து

ரத்தம், ஓட்டம், ஸ்கேன், எல்லாம் முடிந்தது. தசை சுத்தமாக இருக்கிறது என்றார் அந்தக் கிளப்பின் பெண் மருத்துவர். பிறகு லிஸ்பன் அனுப்பிய கோப்பைத் திறந்தார். மூன்று வருடம், மூன்று கிழிசல், ஒரே தொடை.

"கிழிஞ்ச தசையில தழும்பு இருக்கணும். உங்களுக்கு இல்லை. ஒண்ணு இந்தக் காகிதம் பொய், இல்லேன்னா எங்க மெஷின் பொய். எது?"

வாயைத் திறந்தேன். செக்கெய்ரா மேசைக்கடியில் என் காலை மிதித்தான். காகிதம் பொய் என்றால் அபீலியுவின் வேலை போகும், லிஸ்பன் என்னைப் பிழிந்துவிடும். பொய் இல்லை என்றால் நான் உடைந்த சரக்கு.

வாயை மூடிக்கொண்டேன். மாலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 5

லீக்கின் விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதப் போவதாக அபீலியுவிடம் போனில் சொன்னேன்.

"எழுதாதப்பா. போன் பண்ணினவன் ஒருத்தனும் மாட்ட மாட்டான். கையெழுத்து என்னோடது."

உண்மைதான். எப்போதும் கையெழுத்துப் போட்டவன்தான் மாட்டுவான். நானும் பதினாறு வயதில் போட்டவன்தான்.

எழுதினேன். மூன்று வருடமும் எனக்குக் காயம் இல்லை, ஆட விடவில்லை. அனுப்பியும்விட்டேன்.

ஜூலை 6

லிஸ்பன். பயிற்சி முதல் நாள். எந்தப் பட்டியலிலும் என் பெயர் இல்லை. பின்னாடி மைதானம்தான். நான், ஒரு பயிற்சியாளன், ஒரு பந்து. பந்து அவன் கையில்.

ஜூலை 7

ஓடினேன்.

ஜூலை 22

எப்போது அணியோடு சேர்ப்பீர்கள் என்று கிளப் அலுவலகத்தில் கேட்டேன். "கோப்புல மூணு கிழிசல் இருக்கே தம்பி. நாங்க எப்படி ரிஸ்க் எடுக்கறது?" சொன்னவன் சிரிக்காமல் சொன்னான். அவர்களே எழுதச் சொன்ன பொய், அவர்களே அதை நம்புகிறார்கள்!

ஆகஸ்ட் 7

இன்று இரண்டு காகிதம். விசாரணைக் குழுவிடமிருந்து: ஆதாரம் இருந்தால் அனுப்பவும். கிளப்பின் மருத்துவ அறிக்கை: டெல்மு, இடது தொடை, திரும்பும் தேதி சொல்ல இயலாது.

மூன்று வருடம் இப்படியே வைக்கலாம். சம்பளம் வரும். யாரும் அடிக்க மாட்டார்கள். அழுகிப் போவேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9

லிஸ்பனை ஒட்டிய அமதோராவில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் சிமென்ட் மைதானம். ஞாயிறு ஆட்டம். பஸ் ஓட்டுகிறவர்கள், கொத்தனார்கள், ஒரு முடிவெட்டுகிறவர். சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். ஒன்றரை மணி நேரம். இடது காலால் இரண்டு கோல். முடிவெட்டுகிறவர், "நோயாளிகிட்ட தோக்கறோமேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா மகள் ஜந்தீரா சுவரில் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் பிடித்திருந்தாள். வெளியே வந்ததும் காட்டினாள்.

"இதை நெட்ல போட்டா, வெளியில ஆடக் கூடாதுங்கற உன் ஒப்பந்தத்தைக் காட்டி உன்னைக் கிழிச்சிடுவாங்கடா."

"முகம் தெரியுதா?"

"தெரியுது."

"கால்?"

"ரெண்டு காலும் தெரியுது."

"போடு."