இஸ்மேவுக்கு ஒரு தேங்காய்க் கேக்

மே 3

மழைநீர்த் தொட்டியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. என் புருஷன் ஆல்ஸ்டனின் சரக்குப் படகு டிரினிடாடிலிருந்து இன்னும் திரும்பவில்லை. வயிற்றில் பிள்ளை காலையிலிருந்து நான்கு தடவை உதைத்தது. எண்ணாதே என்று நர்ஸ் சொல்கிறாள். ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள் எண்ணாமல் எப்படி இருப்பாள்?

மே 5

க்ளியோனா காலையில் ரொட்டியைத் தொடவே இல்லை. ஆல்ஸ்டனின் முதல் மனைவி பெற்ற பெண், பத்து வயது. என்னடி என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா கனவுல வந்தாங்க சித்தி. தேங்காய்க் கேக் கேட்டாங்க" என்றாள்.

எங்கள் கரியாக்கூ தீவில் செத்தவர்கள் சும்மா கனவில் வர மாட்டார்கள். பசித்தால்தான் வருவார்கள். கேட்டதைக் கொடுக்காத வீடு என்ன ஆனது என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.

இஸ்மே போய் நான்கு வருடம். நான் வந்து மூன்று. அவள் புருஷன், அவள் பெண், அவள் அடுப்படி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். அவளுடைய கேக் அச்சு மட்டும் ஆணியில் தொங்குகிறது, நான் தொட்டதில்லை. அவள் தேங்காய்க் கேக்கை ஊரே இன்னும் புகழ்கிறது. அதோடு போட்டி போட எனக்கென்ன பைத்தியமா?

அவள் கேட்டது கேக் மட்டும்தானா?

மே 6

நாத்தனார் எனிட் வந்தாள். கனவைச் சொன்னதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"முன்னோர் தட்டு வச்சே ஆகணும். தம்பி சனிக்கிழமை வந்துருவான், ஞாயித்துக்கிழமை வச்சிடலாம். கோழி, சோறு, சோளக்களி எல்லாம் நான் பாத்துக்கறேன். கேக் நீ செய்."

"நீங்களே செய்யுங்களேன் அண்ணி. அவங்க கைப்பக்குவம் எனக்கு வராது."

"அவ இடத்துல இருக்கறது நீயா, நானா? உப்பு மட்டும் ஒரு கல்லு படக்கூடாது, பாத்துக்க. பட்டா செத்தவங்க வாய் வைக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டுப் போனா வெறுங்கையோட போக மாட்டாங்க."

சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள். வேண்டுமென்றே பார்த்தாளா, தெரியவில்லை.

மே 7

தூக்கமில்லை. பிள்ளை இரண்டே தடவை.

மே 9

செய்துவிட்டேன்.

முதலில் உப்பு ஜாடியைக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டின் மேல் வைத்தேன், அடுப்படியிலேயே இருக்கக் கூடாது என்று. பிறகு அச்சை ஆணியிலிருந்து எடுத்தேன். மன்னிச்சுக்க இஸ்மே, எடுத்துக்கறேன் என்று வாய்விட்டே சொன்னேன். இரண்டு முற்றிய தேங்காய். விரல் முட்டியும் சேர்ந்து துருவிக்கொண்டது, ரத்தம் படாமல் நல்ல வேளை கையை எடுத்தேன். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் தோள் வலிக்கும் வரை அடித்தேன். ஜாதிக்காய், பட்டை, தேங்காய்ப்பால்.

ஓவனை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை போனபோது க்ளியோனா குறுக்கே வந்து நின்றாள். "தொறந்துகிட்டே இருந்தா அமுங்கிடும் சித்தி." நாள் முழுக்க அடுப்படியை விட்டு நகரவில்லை அவள்.

நல்ல நிறம். ஆனால் நடுவில் ஒரு வெடிப்பு. அவளுடையதும் வெடிக்குமா? யாரிடம் கேட்பது?

மே 10

முன்னறையில் வெள்ளைத் துணி விரித்துத் தட்டு வைத்தோம். எனிட் வாசலில் தண்ணீரும் ரம்மும் ஊற்றிக் குடும்பத்தில் போனவர்களின் பெயரையெல்லாம் சொன்னாள். "இஸ்மே, வந்து சாப்பிடு. வெர்னா உனக்காகச் செஞ்சிருக்கா." என் பெயரை ஏன் சொல்ல வேண்டும்? மெழுகுவத்தி ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டோம். அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மே 11

காலையில் எனிட் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று தலையாட்டினாள். தட்டைக் கலைத்ததும் வழக்கம்போலத் தெருப் பிள்ளைகள் பாய்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் க்ளியோனா. கேக்கில் பெரிய துண்டாகப் பிடுங்கிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தின்றுகொண்டே அழுதாள். பாவம், அம்மா நினைப்பு.

மே 12

ஐயோ.

மிச்ச வெண்ணெயைச் சுற்றி வைக்கும்போதுதான் காகிதத்தைப் பார்த்தேன். உப்பு சேர்த்தது. அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான்! ஜாடியைக் கோழிக்கூண்டில் ஒளித்துவிட்டு, அரை பவுண்டு உப்பு வெண்ணெயை நானே என் கையால் — எங்கே போச்சு என் கண்ணு?

ஆல்ஸ்டனிடம் சொன்னேன். "வெண்ணெயில என்ன பெரிய உப்பு, விடு" என்றார். ஆனால் படகுக்குப் போகவில்லை. வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார்.

மே 14

ரத்தம். கொஞ்சம்தான். ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். அசையாமல் படு என்கிறார் டாக்டர்.

இஸ்மே, வேணாம்மா. தெரியாம செஞ்சிட்டேன். இத மட்டும் விட்டுடு.

மே 15

ஆல்ஸ்டன் டீ வாங்கப் போன நேரத்தில் க்ளியோனா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கனவே வரலை சித்தி."

"என்னது?"

"எனக்குத்தான் கேக் வேணும்போல இருந்துச்சு. நீங்க எல்லாம் செய்வீங்க, அது மட்டும் செய்ய மாட்டீங்க. கேட்டா கோவிப்பீங்களோன்னு பயம். அம்மா பேரைச் சொன்னா செய்வீங்கன்னு..."

அறைந்துவிடலாம் போல இருந்தது. பத்து நாள்! எழுந்திருக்க முடியாததால் தப்பினாள். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது.

"அம்மா பேர்ல பொய் சொல்லிட்டேன். அதுக்காகப் பாப்பாவ எடுத்துக்குவாங்களா சித்தி?"

என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் தனியாக. கட்டிலில் இடம் விட்டு உட்காரச் சொன்னேன். எடுத்துக்க மாட்டாங்க என்றேன். எனக்கென்ன தெரியும்? பிள்ளை பிறந்ததும் உப்பில்லாமல் ஒழுங்காக ஒரு கேக் செய்து மன்னிப்புக் கேட்போம் என்று முடிவு செய்தோம். எனிட் காதில் விழக் கூடாது.

போகும்போது திரும்பி, "ஆனா அம்மாவும் அந்த வெண்ணெயிலதான் செய்வாங்க. அதே ருசிதான்" என்றாள்.

மே 17

ரத்தம் நின்றுவிட்டது. ஒன்பது உதை.

ஆகஸ்ட் 2

பையன் பிறந்து இன்று இருபது நாள். ஆறே முக்கால் பவுண்டு. தொட்டி நிறைய மழைத் தண்ணீர்.

காலையில் இரண்டு கேக்குக்குத் தேங்காய் துருவினோம். தட்டுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. க்ளியோனா துருவிக்கொண்டே, "நேத்து நெஜமாவே அம்மா வந்தாங்க" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. "என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலை. தம்பி தொட்டில் பக்கத்துல உக்காந்து ஆட்டிக்கிட்டிருந்தாங்க."

எழுந்து போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்றும் பார்த்தேன். திரும்பி வந்து வெண்ணெயை எடுத்தேன். க்ளியோனா காகிதத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். உப்பு சேர்க்காதது. தட்டுக்கான கேக்கை முதலில் செய்தோம்.