இடப்பக்க இருக்கை

தராஸ்
10 நவம்பர் 2004

அன்புள்ள சன்ஜார் அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், ராணுவத்தில் என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்று எழுது. அம்மா அதைத்தான் முதலில் தேடுவாள். குட்டித் தம்பிக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. எதைக் கொடுத்தாலும் கடிக்கிறான்.

உன் வேன் முற்றத்தில் நிற்கிறது. சாவியை நீ சொன்னபடி யாரிடமும் தரவில்லை. இடப்பக்க இருக்கையைக் கண்ணாடி வழியாக அடிக்கடி பார்ப்பேன். வண்டிகளெல்லாம் வலப்பக்கமே ஓடும் நம் சாலையில், வலப்பக்க ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு லாரிக்குப் பின்னால் எதுவும் தெரியாமல் நீ தவிக்க, நான் எட்டிப் பார்த்து "போலாம்" என்பேனே, அது நினைவுக்கு வரும்.

டிசம்பர் 26 அன்று நீ சத்தியப் பிரமாணம் எடுக்கும்போது எப்படியும் வந்துவிட வேண்டும் என்கிறாள் அம்மா. ரயில் கரகண்டா வரைதான். அங்கிருந்து உன் முகாமுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. உன் வேனில் போகலாம், ஓரின்பாய் சித்தப்பா ஓட்டுவார் என்கிறாள். அம்மா அவரைக் கல்யாணம் செய்து இரண்டு வருஷமாகியும் நீ "அந்த ஆள்" என்றுதான் சொல்கிறாய். அதனால் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். சாவியைக் கொடுக்கட்டுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்றுத்தான் இந்த வருஷத்தின் முதல் உறைபனி. இருட்டும் நேரத்தில் சித்தப்பா உன் வேனுக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு இடத்தில் ஏதோ திருகைத் திறந்து, தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து வெளியே கொட்டினார். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, நீ உள்ள போ, குளிருது" என்றார்.

உன் தங்கை
உல்ஜான்


16 நவம்பர்

அடியே பேராசிரியை,

கஞ்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் சூப். மறுநாள் முதல்ல சூப், அப்புறம் கஞ்சி. அம்மாகிட்ட சொல்லு.

நான் அப்பவே சொன்னேனா இல்லையா? டயர் கடையில கை கருக்க உழைச்சு வாங்கின வண்டி அது. அந்த ஆள் ரொட்டி சுடுறதோட நிக்கட்டும். என் வண்டிக்கு அடியில அவருக்கு என்ன வேலை? சாவிய குடுக்காத.

அம்மாவ வர வேண்டாம்னு சொல்லு. ஒரு காகிதத்த வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். நிறைய பசங்களுக்கு யாருமே வரப்போறதில்ல. இங்க குளிர் மைனஸ் முப்பது.

சன்ஜார்


தராஸ்
25 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை வாசித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டுக் குதிரை இறைச்சியை உப்பிட்டுக் குடலில் அடைக்க உட்கார்ந்தாள். வீட்டுக்குத்தான் என்கிறாள். ஒரு படையே சாப்பிடலாம், அவ்வளவு இருக்கிறது.

சித்தப்பாவிடம் வேண்டாம் என்று நீ எழுதியதைச் சொன்னோம். தலையாட்டினார். ஆனால் ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் சாமான்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. நான்கு பழைய பனி டயர்களை, மாதக்கணக்கில் ரொட்டி தருவதாகச் சொல்லி வாங்கியிருக்கிறார். மண்வெட்டி, மெழுகுவர்த்திகள், ரேடியேட்டருக்கு முன்னால் செருக ஒரு அட்டை. பானெட்டை வெளியிலிருந்தே கயிற்றால் அளந்து, எஞ்சினுக்கு மேலே போர்த்த ஆட்டு ரோமக் கம்பளம் ஒன்று தைத்துவிட்டார். காலையில் வேனின் மேலுள்ள பனியைத் துடைப்பத்தால் தள்ளுகிறார். கைப்பிடியில் மட்டும் கை வைப்பதில்லை.

நேற்றுப் பள்ளியில் இயற்பியல் பாடம். தண்ணீர் உறையும்போது விரியும், இரும்பையும் பிளந்துவிடும் என்று ஆசிரியை சொன்னார். எனக்குச் சட்டென்று ஆகஸ்ட் மாதம் ஞாபகம் வந்தது. ரேடியேட்டர் கொதித்தபோது நீ தெருக் குழாயடியில் வண்டியை நிறுத்தினாய். வாளியைப் பிடித்தது நான்தான். அண்ணா, அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத கூலண்ட் ஊற்றினாயா?

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவிடம் நேராகக் கேட்டேன். கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"ஆகஸ்ட்ல இந்தத் தெருவுல எந்த வண்டியில தண்ணி இல்ல? வடிக்காம விட்டிருந்தா எஞ்சின் பொளந்திருக்கும். சாவி இல்லாம, கீழேருந்து அது ஒண்ணுதான் செய்ய முடிஞ்சுது."

உனக்கு எழுத வேண்டாம் என்றார், அங்கே இருந்துகொண்டு நீ சங்கடப்படுவாயாம். போன கடிதத்தில் நான் பாதியைத்தான் எழுதியிருந்தேன். அதனால் மீதியையும் எழுதிவிட்டேன்.

உல்ஜான்


3 டிசம்பர்

உல்ஜான்,

ஊத்தல. மறந்துட்டேன்.

இங்க கொட்டகையில வயிறு பொளந்த லாரி ஒண்ணு நிக்குது. தண்ணியோட விட்டுட்டாங்களாம். தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போறோம்.

சாவிய குடு. டிரைவர் கதவு இறுகிக்கும், கீழ ஒரு உதை விட்டாத்தான் திறக்கும். கூலண்டோட குழாய்த் தண்ணி ஒரு டம்ளர்கூடக் கலக்க வேண்டாம். ராத்திரி பேட்டரிய கழட்டி வீட்டுக்குள்ள வைக்கணும். அட்டை கீழ்ப்பாதிக்கு மட்டும் போதும், முழுசா மறைச்சா எஞ்சின் மூச்சு முட்டும். பல்காஷ் ஏரி தாண்டினதும் காத்து வண்டியத் தள்ளும், அங்க மெதுவாப் போகணும்.

வலப்பக்க ஸ்டியரிங் அவருக்குப் பழக்கமில்ல. இடப்பக்கம் நீ உட்காரு. சந்தேகமா இருந்தா "போலாம்"னு சொல்லாத.

சன்ஜார்


தராஸ்
10 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

சாவியைக் கொடுத்தேன். கதவை உதைக்கப் போய்ச் சித்தப்பா பனியில் வழுக்கி விழுந்தார். முதலில் சிரித்தது அம்மாதான்.

கூலண்ட் ஊற்றியாயிற்று. டயர் மாற்றியாயிற்று. பேட்டரி இப்போது அடுப்போரத்தில் அம்மாவின் பழைய சால்வைக்குள் தூங்குகிறது. அடுப்புக்கு மறுபக்கம் தம்பி. வீட்டுக்கு இரண்டு குழந்தைகள் என்கிறாள் அம்மா.

நேற்று மெர்கே சாலையில் பழகிப் பார்த்தோம். ஒரு சிமெண்ட் லாரியை முந்தவே முடியவில்லை. நான் "போலாம்" என்றால் சித்தப்பா "நிச்சயமா?" என்று கேட்கிறார். நான் மறுபடி பார்ப்பதற்குள் எதிரே ஏதாவது வந்துவிடுகிறது. மெர்கே வரை அந்த லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் போனோம்.

24ஆம் தேதி விடியும்போது கிளம்புகிறோம். ஒரே ஒரு விஷயம். முகாமுக்குப் போனதும் நானும் அம்மாவும் தம்பியும் உள்ளே போக வேண்டுமாம். சித்தப்பா வாசலுக்கு வெளியே வேனிலேயே இருப்பாராம். அந்தக் குளிரில் எஞ்சினை அணைக்கக் கூடாதாம். அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் அதைச் சொன்ன அன்றைக்கு அம்மா ரொட்டியைக் கருகவிட்டாள். நான் உன்னைக் கேட்கிறேன். அவர் உள்ளே வரலாமா?

பதில் கிளம்புவதற்குள் வந்துவிட வேண்டும்.

உல்ஜான்


16 டிசம்பர்

உல்ஜான்,

அவ்வளவு கெட்டியாக் கம்பளம் தைச்சு வச்சுக்கிட்டு, எஞ்சின் ஆறிடும்னு சொல்றாரா? நல்லாப் போர்த்தினா ரெண்டு மணி நேரம் சூடு தாங்கும். பிரமாணம் அதுக்குள்ள முடிஞ்சிடும். அதனால வெளிய உக்கார அவருக்கு வேலை இல்ல. இத அப்படியே அவருக்கு வாசிச்சுக் காட்டு.

முடிஞ்சதும் சாயங்காலம் வரைக்கும் எனக்கு லீவு. நகரத்துக்குப் போய் எங்கயாவது உக்காந்து எல்லாரும் சாப்பிடலாம். சூப் மட்டும் வேண்டாம்.

வண்டிய அவரே ஓட்டட்டும். நீ தம்பிய வச்சுக்கிட்டு அம்மாகூடப் பின்னாடி உக்காரு. இடப்பக்கம் நான் உக்கார்றேன். நான் "போலாம்"னு சொன்னா, "நிச்சயமா"ன்னு கேக்க வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிடு.

சன்ஜார்