கணையத்துக்கு ஓர் ஊசி

செவ்வாய் இரவு, நோர்பரி.

நாளை என் கணவருக்குக் கணைய ஸ்கான். செக்ரெட்டின் என்ற ஹார்மோனை ஊசியாகப் போடுவார்களாம். அது என்னவென்று சாப்பிடும்போது கேட்டார். உயிரியல் படிப்பிக்கிறவள் நான், சொன்னேன். நூறு வருடங்களுக்கு முன், இதே லண்டனில், ஒரு நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டுக் குடலில் அமிலம் விட்டார்கள். அப்படியும் கணையம் சுரந்தது. செய்தி இரத்தத்தின் வழியே போயிருக்கிறது. அந்தச் செய்திதான் செக்ரெட்டின்.

"நாய் தப்பினதோ?"

"ஓம், தப்பினது."

"உமக்குப் பொய் சொல்ல வராது" என்று சிரித்தார். பிறகு, "ஆஸ்பத்திரிக் கடிதத்தை ஏன் எனக்குக் காட்டேல்லை?" என்றார்.

"ரசம் விடட்டோ?" என்று எழுந்துவிட்டேன்.

கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. அவருடைய அறையில் இன்னும் லைட் எரிகிறது. எடுத்துக்கொண்டு போகிறேன்.