ஆறு வயதுப் பிள்ளையின் பசியை அவளிடமே விடக் கோரி

அனுப்புநர்:
ரபியா பீவி,
க/பெ நெய்னா முகம்மது,
பஃபலோ ரோடு, தேக்கா, சிங்கப்பூர்.

பெறுநர்:
மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
நல்வாழ்வுக் குழந்தைகள் உணவு நிலையங்கள், சிங்கப்பூர்.

பொருள்: என் மகள் சுபைதாவைத் தட்டு காலியாகும்வரை உட்கார வைப்பதை நிறுத்தவும், அவள் பெயரை அடிக்காமல் இருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நிலையத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் மூன்று முறை வந்து சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. வரும் வெள்ளிக்கிழமையோடு பெயரை எடுத்துவிடுவோம் என்று நேற்று சீட்டு மட்டும் வந்திருக்கிறது. மனு எழுதிக் கொடுப்பவரிடம் போனால் என் கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு எழுதுவார். ஆகையால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

1. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் மூன்று மணிவரை மசாலா அரைக்கும் கடையில் நிற்கிறேன். பிள்ளைக்கு மத்தியானச் சோறு தங்கள் நிலையத்தில்தான். பெயர் போனால் அவளுக்கு அந்தச் சோறு இல்லை.

2. எங்கள் வீட்டில் பிள்ளைகள் நால்வரும் சகன் என்னும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உன் பங்கு, என் பங்கு என்று கிடையாது. வயிறு நிறைந்தவர் எழுந்து கை கழுவுவார், பசி உள்ளவர் உட்கார்ந்திருப்பார். சுபைதா ஒரு நாள் அதிகம் தின்பாள், ஒரு நாள் நாலு வாயோடு எழுந்துவிடுவாள். நான் கவலைப்பட்டதே இல்லை. பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தாள்.

3. அந்தப் பழக்கத்தில், நிலையத்தில் சேர்ந்த மறுநாளே, தனக்குப் போதும் என்றதும் மீதிச் சோற்றைப் பக்கத்துப் பிள்ளை பூவம்மாவின் தட்டில் தள்ளிவிட்டாள். அவர்களுக்கு அது எச்சில். தப்புதான் ஐயா. அன்று மாலையே அந்தப் பிள்ளையின் தாயாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், விடுங்க லா" என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்.

4. அவர் விட்டாலும், நிலையத்தில் பரிமாறும் அம்மையார் விடவில்லை. அன்றிலிருந்து சுபைதாவுக்குச் சுவரைப் பார்த்துத் தனி இடம். தட்டு நிறையச் சோறு, கங்கோங் கீரை, நெத்திலி. ஒரு பருக்கை மிச்சமிருந்தாலும் எழக்கூடாது. எத்தனை நாள் வாந்தி எடுத்தாள் தெரியுமா? வாந்தி எடுத்த பிறகும் உட்கார வைத்தார்களாம்! இப்போது சோற்றைக் கவுன் பையில் ஒளித்துக்கொண்டு வருகிறாள். நாற்பத்தொரு ராத்தல் இருந்தவள் இரண்டு மாதத்தில் முப்பத்தெட்டு. நிறை குறைந்ததற்கு "அடம் பிடிக்கும் பிள்ளை" என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

5. என் குற்றத்தையும் மறைக்கவில்லை. நிறை ஏறாவிட்டால் பெயரை எடுப்போம் என்று போன மாதம் முதல் எச்சரிக்கை வந்ததும் பயந்துபோய், வீட்டிலும் அவளைச் சகனிலிருந்து பிரித்துத் தனித் தட்டு வைத்தேன். கரண்டியும் கையுமாக முன்னால் நின்றேன். ஒருநாள் அடித்தும் விட்டேன். எழுதவே கை கூசுகிறது. முந்தாநாள் தட்டை வைத்தபோது அவள் அழவில்லை. "உம்மா, இன்னைக்கு எனக்கு எவ்வளவு பசிக்கணும்?" என்று கேட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று முதல் என் மனம் ஒரு நிலையில் இல்லை.

ஆகவே, அவளை மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்க உத்தரவிடுங்கள். முதலில் கொஞ்சமாகப் போட்டு, வேண்டுமானால் மறுபடி கேள் என்று சொல்லட்டும். போதும் என்றால் எழுந்திருக்க விடட்டும். வீட்டில் நானும் அப்படியே செய்கிறேன். ஒரு மாதம் கழித்து அவள் நிறையைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் உத்தரவு வராவிட்டால், அன்று கடையில் சொல்லிவிட்டு நிலையத்துக்கு வருவேன். சுவரோரம் அவள் பக்கத்தில் உட்காருவேன். அவள் போதும் என்றதும், தட்டில் எவ்வளவு இருந்தாலும் சரி, கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பிறகு பெயரை அடித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலிலேயே கண்ணாயிருக்கும்,
ரபியா பீவி

நாள்: 15.7.1958
இடம்: தேக்கா, சிங்கப்பூர்