துணிக்குக் கிடைத்த நிழல்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை ஓடுகிறது, ஆனால் போன வாரம் போனில் நீ போட்ட சத்தத்துக்கு அப்புறம் அப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அம்மா எழுந்து நடமாடுகிறாள், சாப்பிடுகிறாள், தலைசுற்றல் நின்றுவிட்டது, அந்த மட்டுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, புது வீடு பழகிவிட்டதா. அம்மா மயங்கி விழுந்ததை மறைத்து, நீ கூப்பிட்டபோதெல்லாம் தூங்குகிறாள் தூங்குகிறாள் என்று சொன்னது தப்புதான். அம்மாவை நான் இங்கே கூட்டிக்கிட்டு வந்துடறேன், நீங்க உங்க கடையையே கட்டிக்கிட்டு அழுங்க என்றாயே, அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. உன் குரலைக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். ஒரு விடுதிக்குத் திரைச்சீலை அவசரமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அம்மா மேற்கு அறையில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் அந்த ஜன்னலில் வெயில் எப்படி இறங்கும் என்று உனக்கே தெரியும், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அங்கே போய்விட்டு முகம் சிவந்து திரும்பி வருவாய். நான் கடையிலிருந்து துணி எடுக்க வந்து பார்த்தால் மெஷின்மேலேயே சாய்ந்து கிடக்கிறாள், கூப்பிட்டால் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, எங்க உக்காந்து வேலை பார்த்தாங்க, அந்த ரூம்ல ஜன்னலுக்கு ஒரு திரைகூட இல்லையா என்று கேட்டாள். அடுத்து நீங்க என்ன தொழில் பண்றீங்க என்று கேட்டுவிடுவாளோ என்று, சட்டைப்பையில் எட்டிப் பார்த்த அளவு டேப்பை விரலால் உள்ளே தள்ளினேன். திரைச்சீலைக் கடைக்காரன் வீட்டு ஜன்னலில் பழைய காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும், உள்ளே விட்டுவிட்டுத் திரை போடுவது திருடனை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிற கதை என்று வாடிக்கைக்காரர்களிடம் வாய் கிழியப் பேசுவேன். ஊரில் எத்தனையோ அறைகள் என் பேச்சைக் கேட்டுக் குளிர்ந்திருக்கின்றன. ஊருக்குத்தான் உபதேசம்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கே எனக்கு வீராவேசம் வந்துவிட்டது. கடையிலிருந்த நல்ல தடிமனான கருநீலத் துணியைக் கொண்டுவந்து அந்த ஜன்னலில் மாட்டிவிட்டு, பெரிய சாதனை பண்ணினவன் மாதிரி நின்றேன். மறுநாள் பார்த்தால் அதைக் கழற்றி மடித்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறாள். ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியலைங்க, இருட்டாவும் இருக்கு, புழுங்கவும் புழுங்குது என்றாள். இருக்காதா, அடர்ந்த நிறம் சூட்டைக் குடித்து அறைக்குள்ளேயே கக்கும் என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவன் நான். ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனால் டேப்பை நீட்டுவதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, இந்த ரூம்ல யாரு இருப்பீங்க, எந்நேரம், என்ன பண்ணுவீங்க என்பதுதான். கூடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், இவளிடம் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சரி என்று அன்று சாயங்காலம் போய், வாடிக்கைக்காரர் வீட்டில் நிற்பதுபோலவே நின்று கேட்டேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள் பார், நிறுத்தவில்லை. காலை முழுக்கத் திறந்தே இருக்கட்டும், வெயில் திரும்பினதும் இறக்க வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி வேண்டும், கயிறு உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும், உள்ளே மெல்லிசாக வெள்ளைத் துணி போதும், மெஷின் தகடு பளபளத்துக் கண்ணைக் குத்துகிறது. கடைசியாக, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, துணிக்கட்டு அடுக்கியிருக்கற அந்த நிழல் மூலைல மெஷினப் போட்டுக்கவான்னு ஒரு தடவை கேட்டேன், துணி வெயில் பட்டா வெளுத்துடும்னு சொல்லிட்டீங்க என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஏதோ மளிகைக் கணக்கு சொல்கிற மாதிரி சொன்னாள். சொன்னேன் பாப்பா, அப்படித்தான் சொன்னேன். துணியை நிழலில் வைத்துவிட்டு அவளை வெயிலில் உட்கார வைத்திருக்கிறேன்.

துணிக்கட்டுகளையெல்லாம் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள். மெஷின் நிழல் மூலையில், தட்டி வெளியே, வெள்ளைத் துணி உள்ளே. அந்த வெள்ளைத் துணியை மட்டும் அவளைத் தைக்க விடவில்லை, நானே தைத்தேன், கீழ்விளிம்பு நாய்வால் மாதிரி வளைந்து நிற்கிறது, அவள் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். நீ அனுப்பின போட்டோவில் உன் படுக்கையறையிலும் கறுப்புத் திரைதான் தெரிகிறது, சாயங்கால வெயில் நேராக அடிக்கிற ஜன்னல் போலிருக்கிறது. வெளியே மறைக்க வழி இருக்கிறதா பார், இல்லாவிட்டால் கண்ணாடிப் பக்கம் வெள்ளையாக இருக்கிற துணியை வாங்கு. எனக்குச் சொல்ல யோக்கியதை இல்லை, ஆனாலும் தொழில்புத்தி சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அம்மாவை நீ கூட்டிப் போகிற விஷயம். அறைதான் குளிர்ந்துவிட்டதே, இனி அவள் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுத மனசு வரவில்லை. உன்னிடம் வர அவளுக்கு விருப்பமா என்று நான் இன்னும் கேட்கவில்லை. ஜன்னலைப் பற்றிக் கேட்டவனுக்கு இதைக் கேட்கத் தைரியமில்லை, கேட்டாலும் என் மூஞ்சியைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி நீயே கேள், அந்த நேரத்தில் நான் வெளியே போய்விடுகிறேன். வருகிறேன் என்று சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், பெட்டி கட்டிக் கொடுப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு நீடூழி வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நீ கேட்டதும் அவள், நான் வந்துட்டா அப்பாவை யாரு பார்த்துப்பாங்க என்றுதான் சொல்வாள். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதே. இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா