தேசப்பன் எந்தக் கம்பெனி ஆள்

3 மார்ச் 1972, வெள்ளி

காலையில் மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கேன்டீன் சாம்பார் பற்றிய புகாராக இருக்கும் என்று போனேன். இல்லை. கால்பந்து.

"ராமலிங்கம், இனிமே நீங்கதான் டீம் செக்ரட்டரி."

எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன்.

"வெல்ஃபேர் மட்டும் தெரியுமா உங்களுக்கு?"

தத்துவத்தில் எம்.ஏ. படித்தவனைக் கம்பித் தொழிற்சாலையில் உதவி வெல்ஃபேர் ஆபீசராக எடுத்ததே தான் செய்த தர்மம் என்று அவருக்கு எண்ணம். இருக்கலாம்.

விஷயம் இதுதான். பொன்னேரிக் கல்லூரியில் தேசப்பன் என்று ஒருவன். பழவேற்காட்டுப் பக்கம் ஏதோ குப்பம். இடது ஓரத்தில் ஓடுகிறவன். எண்ணூர்ப் பக்கத்து பெயின்ட் கம்பெனியும் அவன் பின்னால் அலைகிறது. பதின்மூன்றாம் தேதி மதராஸில், கால்பந்துச் சங்க ஆபீசில், இந்த சீசனுக்கான கையெழுத்து. அன்று அவன் நம் கம்பெனிக்குப் போட வேண்டும். போட்டால் என் வேலை நிரந்தரம். போடாவிட்டால்—

மானேஜர் வாக்கியத்தை முடிக்கவில்லை. பாதியில் நிற்கும் வாக்கியங்களை நவீன இலக்கியத்தின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியிலும் கிடைக்கின்றன.

4 மார்ச்

பொன்னேரி மைதானம். எங்கள் கோச் ஜோசப்பும் நானும் புளியமர நிழலில்.

எதிர்க்கட்சி கோல்கீப்பர் ஓங்கி உதைக்கிறான். பந்து மைதானத்தைத் தாண்டுகிற உயரத்தில் வருகிறது. மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். தேசப்பன் மட்டும் பார்ப்பதில்லை. நடந்துபோய் ஓர் இடத்தில் நிற்கிறான். பந்து அவன் மார்பில் இறங்குகிறது. பிறகு அதை வந்த வழியிலேயே திருப்பி எடுத்துக்கொண்டு ஓடுகிறான். ஒருவன், இருவர், மூவர். யாரையும் ஏமாற்றுவதாகத் தெரியவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். அவன் அங்கே இல்லை.

"பாத்தியா?" என்றார் ஜோசப். "உதைச்சு அனுப்புன பந்தை ஊட்டுக்கே கொண்டாந்து குடுக்கறான் பாரு."

பார்த்தேன். எனக்கு ஏன் எரிச்சல் வந்தது? இவ்வளவு எளிதாக ஒருவன் எதையாவது செய்தால் எனக்கு வரும் எரிச்சல்.

6 மார்ச், திங்கள்

அவனைச் சேர்த்தாயிற்று. டைம் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது. ஆனால் கையெழுத்து நாள் வரை வெளியே விடக் கூடாதாம். போன வருஷம் ஒரு பின்வரிசை ஆட்டக்காரனை பெயின்ட் கம்பெனிக்காரர்கள் சினிமாக் கொட்டகையில் வைத்து ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார்களாம்.

"எங்கே தங்க வைப்பது?" என்று மானேஜரிடம் கேட்டேன்.

"உங்க ரூம்லதான்."

ஸ்டேஷனுக்குப் பின்னால் என் அறை. ஒரு கட்டில். ஒரு மேசை. புத்தகங்கள். இப்போது தேசப்பன்.

7 மார்ச்

குறட்டை.

8 மார்ச்

சுவரில் பந்தை உதைக்கிறான். திரும்பி வருகிறது. உதைக்கிறான். திரும்பி வருகிறது. இருப்பின் அபத்தம் பற்றி ஒரு பக்கம் படிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. அபத்தத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, அது சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

"தேசப்பன், கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

"கால் சும்மா இருக்க மாட்டேங்குது சார். நீங்க படிங்க, நான் மெதுவா உதைக்கிறேன்."

மெதுவாக உதைத்தான். அது இன்னும் மோசம்.

பிறகு என் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினான். "இன்னா சார், ஒருத்தன் பேசறதே இல்லியா இதுல? எல்லாம் நெனைச்சிக்கினே கீறான்."

அதுதான் விஷயம் என்றேன்.

"பேஜாரு சார் உங்க கூட."

9 மார்ச்

நாஷ்டா வாங்கக் கீழே போனால் டீக்கடை பெஞ்சில் துளசிராமன். பெயின்ட் கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர். சிரித்த முகம். ஜீப்பை ஒளிக்கக்கூட இல்லை.

"தம்பி எப்படி இருக்காரு? சாப்பாடெல்லாம் நல்லா போடறீங்களா? இட்லி எத்தினி வாங்கறீங்கன்னு பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

பொட்டலத்தோடு திரும்பினேன். அவர் பின்னாலிருந்து, "சட்னி சிந்துது பாருங்க" என்றார். சிந்தியிருந்தது. வேட்டியெல்லாம்.

10 மார்ச், வெள்ளி

புதிய சிக்கல். ஞாயிற்றுக்கிழமை தேசப்பன் குப்பத்துக்குப் போயே ஆக வேண்டுமாம். பாடு சீட்டு.

அவன் விளக்கியது: ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சிலவே. எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். அந்த உரிமைக்குப் பெயர் பாடு. வீட்டுக்கு ஒரு பெயர். இவன் வீட்டில் அப்பா பெயர் இருந்தது. அப்பா போன பிறகு மூத்தவன் இவன் பெயர். மாசச் சம்பளத்துக்குப் போனவனுக்குப் பாடு கிடையாது. வெட்டிவிடுவார்கள்.

"அப்போது உன் பெயர்?"

பந்தைக் கையில் உருட்டினான். பிறகு, "நீங்களும் வர்றீங்கல்ல சார் ஞாயித்துக்கெழம? கண்டிப்பா வரணும்" என்றான். குரல் இறங்கியிருந்தது.

அந்த மௌனத்தை என்னால் வாசிக்க முடிந்தது.

11 மார்ச்

மானேஜரிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

"போங்க. போய் ஊர் நடுவுல நின்னு, இவன் எங்க கம்பெனி ஆள், மாசச் சம்பளம் வாங்கறான்னு சொல்லுங்க. பேரை வெட்டிடுவாங்க. அப்புறம் எங்க போவான்? நம்மகிட்டதான்."

சொல்லிவிட்டு டீ குடித்தார்.

என் வாயால் ஒருவன் வலையை அறுக்க வேண்டும். அதற்குக் கூலி, என் நிரந்தரம். வெல்ஃபேர்! இந்தச் சொல்லை என் ஆபீஸ் அறைக் கதவில் எழுதியிருக்கிறார்கள்.

முடியாது. முடியவே முடியாது. ஆனால் அவர் எதிரில் "சரி சார்" என்றுதான் சொன்னேன்.

12 மார்ச், ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பொன்னேரியிலிருந்து பஸ். பழவேற்காட்டிலிருந்து படகு. தேசப்பன் உற்சாகமாக இருந்தான். பயத்தை மறைக்கிறான் என்று நினைத்தேன். எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா?

கோயில் எதிரே மணலில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் நடுவில், பெண்கள் ஓரத்தில். அவன் அம்மா கோவிந்தம்மா என்னைப் பார்த்து, "இவருதான் எம் புள்ளயப் புடிச்சி வச்சிக்கினு கீறவரா?" என்று கேட்டார். தம்பி சுப்பிரமணி என் பையை வாங்கிக்கொண்டு விடவேயில்லை. அவ்வளவு மரியாதை ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். கூட்டத்தின் கடைசியில் வேர்க்கடலை தின்றுகொண்டு துளசிராமன். எனக்குக் கையசைத்தார்.

இவர்கள் வீட்டு முறை வந்தது. ஊர்த் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாபா கம்பெனிக்காரரே, எங்க பையன் மாசச் சம்பளக்காரன் ஆயிட்டான்னு பேசிக்கிறாங்க. உங்க கம்பெனி ஆளா இவன்?"

எழுந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் பேசினேன்.

"இல்லை. இவர் எங்கள் கம்பெனி ஆள் இல்லை."

பெரிய நிம்மதி. ஏரிக் காற்று. கோவிந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் உட்கார்ந்தேன், நல்லவனாக.

தேசப்பன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் நிறுத்தினான்.

"இன்னா சார் பண்ணீங்க?"

"உன் பாடு உரிமையைக் காப்பாற்றினேன்."

"யாரு சார் காப்பாத்தச் சொன்னது? எம் பேர வெட்டுனாத்தான சார் தம்பி பேரு ஏறும்! பாடு இல்லாதவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னு அவனுக்குப் பாத்த பொண்ணு ஊட்ல சொல்லிக்கினு கீறாங்க. நானே வேணாம்னு சொன்னா, நைனா பேர உட்டுட்டியாடான்னு அம்மா ஏரியில உழுந்துரும். கம்பெனிக்காரரு சொன்னா சரியாப் பூடும்னுதான உங்களக் கூட்டாந்தேன். மேனேஜர்கிட்ட சேந்தன்னிக்கே நான்தான் சார் கேட்டுக்கினேன். அவரு சொல்லலியா?"

சொன்னார். தன்னுடைய தந்திரம் போலச் சொன்னார்.

"ஒரு வாரமா ஒரே ரூம்ல கீறோமே சார். ஒரு வார்த்த என்னக் கேக்கக் கூடாதா?"

கேட்கவில்லை. வாசித்துவிட்டேன்.

திரும்ப ஓடினேன். தலைவர் முன்னால் நின்று, தப்பாகச் சொல்லிவிட்டேன், இவர் எங்கள் ஆள்தான், பெயர் டைம் ஆபீசில் இருக்கிறது என்றேன். மணல் முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழவர், "வெயிலு ஏறிப்போச்சு, மோரு குடுங்கடா அவருக்கு" என்றார். தலைவர் சிரிக்கவில்லை.

"சபையில இன்னும் பேச்சு முடிஞ்சு தட்டத்துப் பாக்குகூட எடுக்கல, அதுக்குள்ள பேச்ச மாத்தறீங்களே. எதை நம்பறது?"

அப்போதுதான் துளசிராமன் எழுந்தார். கைக்குட்டையால் கடலைத் தோலைத் தட்டிவிட்டு, நிதானமாக.

"ஐயா, அவர் சொன்ன மொத வார்த்தையையே எடுத்துக்குங்க. பையன் அவங்க ஆள் இல்ல. இந்த நிமிஷத்துலேர்ந்து எங்க ஆள். மாசச் சம்பளம், குவார்ட்டர்ஸ், நாளைக்கே வேலை. ஊர் முன்னாடி சொல்றேன்."

தலைவர் தேசப்பனைப் பார்த்தார். தேசப்பன் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு அவருக்குத் தலையசைத்தான்.

பெயர் வெட்டப்பட்டது. சுப்பிரமணி பெயர் ஏறியது. கோவிந்தம்மா அழுதார். ஆனால் சபிக்கப்பட்டது தேசப்பன் இல்லை, துளசிராமன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். சீட்டுப் போட்டார்கள்.

படகில் திரும்பினால் பழவேற்காட்டுக் கரையில் அவருடைய ஜீப் நின்றது. "ஏறுங்க ராமலிங்கம், பொன்னேரியில எறக்கி விடறேன்" என்றார். ஏறவில்லை. மானம். அடுத்த பஸ் சாயங்காலம்தான் என்று பிறகு தெரிந்தது.

13 மார்ச், திங்கள்

சங்க ஆபீஸ் வராந்தா. தேசப்பன் பெயின்ட் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டான். நான் தூணோரம் நின்று பார்த்தேன். வெளியே வரும்போது, "பந்து உங்க ரூம்லயே கீது சார்" என்றான்.

14 மார்ச்

மானேஜர்: "நான் சொன்னது ஒரே ஒரு வரி. அதை ஒரு குழந்தை சொல்லும்."

உண்மை. குழந்தை சொல்லியிருக்கும்.

நிரந்தரம் இல்லை. தகுதிகாண் காலம் நீட்டிப்பு. வேறு ஆள் கிடைக்காததால் செக்ரட்டரி பதவி மட்டும் நீடிக்கிறது.

20 மார்ச்

அறை அமைதியாக இருக்கிறது. அபத்தம் பற்றி இரண்டு பக்கம் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை.

18 ஜூன், ஞாயிறு

லீக் ஆட்டம். நாங்களும் பெயின்ட் கம்பெனியும். எங்கள் பக்கம் நான் எலுமிச்சம்பழம் நறுக்கினேன். செக்ரட்டரியின் வேலை.

எங்கள் கோல்கீப்பர் உதைத்ததெல்லாம் திரும்பி வந்தது. ஐந்து கோல். அதில் மூன்று தேசப்பன் தானே எடுத்து வந்தவை. ஜோசப் தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னா ஓட்டம்டா ஓடறான், நாசமாப் போறவன்" என்றார். அந்தக் குரலில் இருந்தது திட்டு இல்லை.

முடிந்ததும் வந்தான். வியர்வை சொட்ட.

"ஆனியில தம்பிக்குக் கல்யாணம் சார். கண்டிப்பா வரணும். குப்பத்துல எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க."

"என்னையா?"

"ரெண்டு நாக்கு ஆபீசர் வருவாரான்னு."

துளசிராமன் தூரத்தில் நின்று சிரித்தார். இப்போது எனக்கும் ஏதாவது பதில் சொல்லத் தோன்றியது. வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

2 ஜூலை

கல்யாணத்துக்குப் போகவில்லை. ஜுரம் என்று எழுதிப்போட்டேன். ஜுரம் இல்லை.

9 ஜூலை

போயிருக்கலாம்.

22 செப்டம்பர்

கடைசி இடம். பதினொரு பேரைச் சேர்ப்பதற்கே ஸ்டோர்ஸ் குமாஸ்தாவைக் கோல்கீப்பர் ஆக்க வேண்டியிருக்கிறது. அவர் பந்து வந்தால் நகர்ந்துகொள்கிறார். நியாயமான மனிதர்.

5 பிப்ரவரி 1973, திங்கள்

மின்வெட்டு. பாதி இயந்திரங்கள் நிற்கின்றன. செலவைக் குறைக்க வேண்டும் என்று சர்க்குலர். முதல் வரி: கால்பந்து அணி கலைக்கப்படுகிறது. ஜோசப்பைப் பொன்னேரி ரயிலில் ஏற்றிவிட்டேன். வண்டி நகரும்போது, "நீ நல்ல பையன்பா. அதான் பேஜாரு" என்றார்.

9 பிப்ரவரி

நான் நிரந்தரம்.

மானேஜர் உத்தரவை நீட்டியபோது காரணம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "டீம்தான் இல்லியே, இனிமே நீங்க எதைக் கெடுக்கப் போறீங்க?" என்றார். நல்ல மனநிலையில் இருந்தார்.

டீம் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். ஜெர்சிகளையெல்லாம் எண்ணெய் துடைக்கிற துணியாக மெஷின் ஷாப்புக்கு அனுப்பினேன். தேசப்பனுக்கென்று போன மார்ச்சில் தைத்து வாங்கிய பதினோராம் நம்பரும் அதில் போயிற்று. ஒருவரும் போடாதது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

மாலையில் ஷாப்பிலிருந்து எல்லம்மா வந்தார். கூட்டிப் பெருக்குகிறவர். கையில் அந்த ஜெர்சி.

"மத்ததெல்லாம் ஆவுது சார். இது மட்டும் எண்ணெ இழுக்கல. புதுசு. நாலு வாட்டி ஒடம்புல போட்டுத் தொவைச்சிருந்தா இழுக்கும்."

மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். உத்தரவு அதன் அடியில் இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.